ரிவியனா, லூசிடா, ஒதுங்கி நிற்பதா? தாமதமாகும் மின்வாகன நிறுவனத்தில் பணம் போடுமுன்

டெஸ்லா பங்கை ஆரம்பத்திலேயே வாங்காமல் விட்டோமே என்ற ஆதங்கம் பலருக்கு இருக்கிறது. அமெரிக்கப் பங்குகளை இங்கிருந்தே வாங்க வழி வந்த பிறகு, அந்த ஆதங்கத்தோடு வருகிறவர்கள் கேட்கும் பெயர்கள் இரண்டு: ரிவியன், லூசிட் என்ற அமெரிக்க மின்வாகன நிறுவனங்கள். 2021 நவம்பரில் 78 டாலருக்குச் சந்தைக்கு வந்த ரிவியன், ஒரே வாரத்தில் 170 டாலரைத் தாண்டியது; 2024 ஏப்ரலில் 10 டாலருக்கும் கீழே கிடந்தது. அதே 2021-ல் 50 டாலருக்கு மேல் விற்ற லூசிட், 2025 ஆகஸ்டில் 3 டாலருக்கும் கீழே போயிருந்தது. "இவ்வளவு இறங்கிவிட்டதே, இப்போது வாங்கிப் போட்டால் என்ன?" என்பதுதான் கேள்வி.

இரண்டு நிறுவனங்களும் சொன்ன எண்ணிக்கையில் வண்டி செய்யத் தவறியவை. ஆகவே பேச்சு எப்போதும் தாமதத்தைச் சுற்றியே போகிறது. என்னைக் கேட்டால், தாமதத்தைவிட முக்கியமான கேள்வி வேறு ஒன்று: அந்தத் தாமதத்துக்கான செலவை யார் ஏற்கிறார்கள், அதற்குப் பதிலாகப் பழைய பங்குதாரரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள்? நிறுவனம் பிழைப்பதும் அதில் பணம் போட்டவர் பிழைப்பதும் வெவ்வேறு சங்கதிகள். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

தாமதமே நிறுவனத்தைக் கொல்லும் என்றால் டெஸ்லா இன்று இருக்காது. மாடல் 3 காரை 2017 முடிவதற்குள் வாரத்துக்கு 5,000 செய்வோம் என்றார்கள். அந்த எண்ணிக்கையைத் தொட்டது 2018 ஜூன் கடைசி வாரத்தில். அதற்கு முன்பும் சாவின் விளிம்புக்குப் போய் வந்த நிறுவனம் அது. 2009-ல் ஜெர்மன் கார் நிறுவனம் டெய்ம்லர் போட்ட 5 கோடி டாலரும், 2010-ல் அமெரிக்க எரிசக்தித் துறை தந்த 46.5 கோடி டாலர் கடனும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

தேதி தவறாமல் தொடங்கிய ஃபிஸ்கர்

எதிர்ப்பக்க உதாரணம் ஃபிஸ்கர். ரிவியன், லூசிட் பற்றி முடிவெடுக்கிற யாரும் முதலில் இதைப் படிக்க வேண்டும்.

ஹென்ரிக் ஃபிஸ்கர் பெயர் பெற்ற கார் வடிவமைப்பாளர். அவருடைய முதல் கார் நிறுவனம் 2013-ல் திவாலானது. 2016-ல் மனைவி கீதா குப்தா ஃபிஸ்கரோடு சேர்ந்து இரண்டாவதைத் தொடங்கினார். சொந்தத் தொழிற்சாலை வேண்டாம், வடிவமைப்பும் விற்பனையும் நம்முடையது, வண்டியை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள மேக்னா செய்து தரட்டும் என்பது திட்டம். 2020 அக்டோபரில், ஏற்கெனவே பட்டியலிடப்பட்டிருந்த ஒரு காலி நிறுவனத்தோடு இணைந்து சந்தைக்கு வந்து, ஏறத்தாழ 100 கோடி டாலர் திரட்டியது.

'ஓஷன்' காரின் உற்பத்தியை 2022 நவம்பர் 17 அன்று தொடங்குவோம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதே நாளில் தொடங்கினார்கள். இந்தத் துறையில் அப்படிச் சொன்ன தேதியைக் காப்பாற்றியவர்கள் அரிது. ஆனால் முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போக 2023 மே ஆயிற்று. அந்த வருடம் 42,400 வண்டி செய்வோம் என்ற இலக்கு படிப்படியாகக் குறைந்து, கடைசியில் செய்தது 10,193. வாடிக்கையாளரிடம் சேர்ந்தது 4,929 மட்டும். மீதி வண்டிகளில் பணம் முடங்கிக் கிடந்தது.

2023 நவம்பரில் இன்னொரு தாமதம் வந்தது, இந்த முறை கணக்கில். மூன்றாம் காலாண்டு அறிக்கையை உரிய நாளில் தாக்கல் செய்ய முடியவில்லை. அது, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரத்தின் நிபந்தனையை மீறியதாக ஆனது. விளைவாக, கடன் கொடுத்தவருக்கு நிறுவனத்தின் சொத்துகள் மீது முதல் உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டிவந்தது. 2024 மார்ச்சில் ஒரு பெரிய கார் நிறுவனத்தோடு நடந்த பேச்சு முறிந்தது; நியூயார்க் பங்குச் சந்தை பட்டியலிலிருந்து நீக்கியது; ஜூனில் திவால் மனு. மிச்சமிருந்த சுமார் 3,000 வண்டிகளை நியூயார்க்கில் வாடகை வண்டி விடும் ஒரு நிறுவனம் சுமார் 4.6 கோடி டாலருக்கு அள்ளிக்கொண்டது. மென்பொருள் மேம்படுத்த ஆளில்லாமல் தவித்த வண்டி உரிமையாளர்கள், தங்களுக்குள் சங்கம் அமைத்துத் தாங்களே வழி தேடினார்கள். அவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஃபிஸ்கருக்குப் பின்னால் பெரிய கை எதுவும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் கதையில் பெரிய கை இருந்தது போலத் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய தொழிற்சாலையை வாங்கி, மின்சார பிக்கப் வண்டி செய்வதாகச் சொன்ன நிறுவனம் அது. முன்பதிவு பற்றிய அறிவிப்புகள் சில துல்லியமில்லாதவை என்று இயக்குநர் குழுவின் விசாரணையே சொன்னதும், 2021 ஜூனில் தலைமை அதிகாரி விலகினார். தொழிற்சாலையை ஃபாக்ஸ்கான் 23 கோடி டாலருக்கு வாங்கியது. மேற்கொண்டு முதலீடு செய்வதாகவும் ஒப்பந்தம் போட்டது. பங்கு விலை ஒரு டாலருக்குக் கீழே போனதும் அந்த முதலீட்டில் தகராறு வந்தது. 2023 ஜூனில் திவால். முன்பதிவு என்பது ஆர்டர் அல்ல. பெரிய பெயர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்பதும் வங்கியில் வந்து சேர்ந்த பணம் அல்ல.

சரி, இப்போது ரிவியனுக்கு வருவோம்.

ரிவியன்: நஷ்டத்தைக் குறைத்த விதம்

ஆர்.ஜே. ஸ்காரிஞ்ச் 2009-ல் தொடங்கிய நிறுவனம். 2017-ல் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில் மிட்சுபிஷி விட்டுப்போன தொழிற்சாலையை வெறும் 1.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-ல் அமேசானும் ஃபோர்டும் பணம் போட்டன; அமேசான் ஒரு லட்சம் டெலிவரி வேன்களுக்கு ஆர்டரும் கொடுத்தது. முதல் ஆர்1டி பிக்கப் 2021 செப்டம்பரில் வெளியே வந்தது. இரண்டு மாதத்தில் பங்கு வெளியீடு, ஏறத்தாழ 1,200 கோடி டாலர் வரவு. ஆண்டுக்கு ஆயிரம் வண்டி செய்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு சில நாட்கள் ஃபோக்ஸ்வாகனையே தாண்டி நின்றது.

2022-க்கு 50,000 வண்டி என்று இருந்த திட்டம், மார்ச்சில் பாதியாகி 25,000 ஆனது. சிப் பற்றாக்குறை, சப்ளையர் சிக்கல் எல்லாம் காரணம்தான். பிக்கப், எஸ்.யூ.வி., வேன் என்று மூன்று புது வண்டிகளை ஒரே தொழிற்சாலையில் ஒரே சமயத்தில் தொடங்கியதும் பெரிய காரணம். பழம் தின்று கொட்டை போட்ட கார் நிறுவனங்களே அதற்குத் தயங்கும். அந்த வருடம் 24,337 வண்டி வந்தது. திருத்திய இலக்கைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டார்கள்.

ஆனால் தாமதம் எண்ணிக்கையில் மட்டும் வலிக்கவில்லை. பழைய விலைக்கு முன்பதிவு வாங்கி வைத்திருந்தார்கள். அதற்குள் மூலப்பொருள் விலை எகிறிவிட்டது. 2022 மார்ச் முதல் தேதி விலையை 20 சதவீதம் வரை ஏற்றி, அது முன்பதிவு செய்தவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள். கொந்தளிப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் மன்னிப்புக் கேட்டு, பழைய முன்பதிவுக்குப் பழைய விலையே என்றார்கள். வாடிக்கையாளருக்கு நியாயம்தான். அந்த நியாயத்தின் செலவு முழுக்க நிறுவனத்தின் கணக்கில் விழுந்தது. 2022 முதல் 2024 வரை மூன்று வருட நிகர நஷ்டம் சுமார் 1,690 கோடி டாலர்.

இந்த இடத்தில் பார்க்க வேண்டிய எண் மொத்த லாபம். ஆராய்ச்சி, விளம்பரம், தலைமை அலுவலகச் செலவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வண்டி செய்ய ஆன செலவுக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. அதுவே எதிர்மறையில் இருந்தால், கூடுதல் வண்டி விற்பது கூடுதல் நஷ்டம். 2024 முதல் காலாண்டில் ரிவியன் ஒவ்வொரு வண்டிக்கும் ஏறத்தாழ 38,800 டாலர் இப்படி இழந்துகொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் தொழிற்சாலையை நிறுத்தி மாற்றியமைத்தார்கள். வண்டியின் மின்னணுக் கட்டமைப்பையும் புதிதாக எழுதினார்கள்: 17 கட்டுப்பாட்டுக் கணினிகள் இருந்த இடத்தில் 7; இரண்டரை கிலோமீட்டர் நீள வயர் மிச்சம். நான்காம் காலாண்டில் முதல் முறையாக 17 கோடி டாலர் மொத்த லாபம்.

செலவைக் குறைக்கச் செய்த அந்த வேலையே விற்பனைச் சரக்காகவும் ஆனது. சொந்த மென்பொருள் பிரிவின் குளறுபடியால் போர்ஷே, ஆடி வண்டிகள் தாமதமாகித் தவித்த ஃபோக்ஸ்வாகன், ரிவியனின் கட்டமைப்பைப் பயன்படுத்தக் கூட்டு நிறுவனம் அமைத்தது. 2024 நவம்பரில் அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 580 கோடி டாலர் வரை என்று உயர்ந்தது. இந்தப் பணம் ஒரே தவணையில் வரவில்லை. பெரும்பகுதி இலக்கை எட்ட எட்டத்தான் வரும். தொடர்ந்து இரண்டு காலாண்டு மொத்த லாபம் காட்டிய பிறகுதான் 2025 ஜூன் இறுதியில் 100 கோடி டாலர் வந்தது, அதுவும் சந்தை விலைக்கு மேலே பங்கு வாங்கி. எனக்கு ரிவியனில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கேட்டதும் தூக்கிக் கொடுக்காமல், வேலையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும் ஒரு கூட்டாளி இருப்பது சிறு பங்குதாரருக்கும் பாதுகாப்பு.

ஆனாலும் இதை வைத்து அவசரப்படக் கூடாது. அந்த 17 கோடி டாலர் லாபம் வந்த காலாண்டில், மாசுக் கட்டுப்பாட்டு வரவுகளை (விதியை எட்டாத நிறுவனங்கள் அபராதத்தைத் தவிர்க்க வாங்கும் 'கிரெடிட்'களை) மற்ற கார் நிறுவனங்களுக்கு விற்றதில் மட்டும் 29.9 கோடி டாலர் வருமானம். அதைக் கழித்தால் லாபமே இல்லை. 2025 முதல் காலாண்டில் 20.6 கோடி டாலர் மொத்த லாபம், இரண்டாம் காலாண்டில் அதே அளவு மொத்த நஷ்டம். அந்த ஜூலையில் அமெரிக்கச் சட்டம் மாறி, எரிபொருள் சிக்கன விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதம் பூஜ்யமானது. வரவுகளை வாங்க வேண்டிய அவசியம் பெருமளவு போயிற்று. மின்வாகனம் வாங்குவோருக்கான 7,500 டாலர் வரிச்சலுகையும் செப்டம்பர் 30-ல் முடிந்தது. 2024-ல் வாடிக்கையாளரிடம் 51,579 வண்டி சேர்த்த ரிவியன், 2025-ல் 42,247 தான் சேர்த்தது.

எனவே எல்லாம் விலை குறைந்த புது மாடலான ஆர்2 வண்டியைப் பொறுத்தது. தொடக்க விலை 45,000 டாலர் அளவில் என்று அறிவித்திருந்தார்கள். பொருட்செலவு ஆர்1-ல் ஏறத்தாழ பாதி என்கிறது நிறுவனம். 2026 முதல் பாதியில் டெலிவரி என்றும் சொல்லியிருந்தார்கள். இதை ஜார்ஜியாவில் புதுத் தொழிற்சாலை கட்டிச் செய்வதாக இருந்தார்கள். 2024 மார்ச்சில் அதைத் தள்ளிவைத்து, நார்மலிலேயே தொடங்கலாம் என்று மாற்றியதில் 225 கோடி டாலர் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். ஜார்ஜியா தாமதமானதாகத் தலைப்புச் செய்திகள் வந்தன. பணப்பையைப் பார்க்கிறவனுக்கு அது நல்ல செய்தி.

லூசிட்: நிறுவனம் நிற்கும், பங்கு?

லூசிட் செய்த 'ஏர்' கார் பொறியியலில் அபாரம். டெஸ்லா மாடல் எஸ்-ன் தலைமைப் பொறியாளராக இருந்த பீட்டர் ராலின்சன் உருவாக்கியது. ஒரு சார்ஜில் 520 மைல், அதாவது சுமார் 837 கிலோமீட்டர் என்று அரசுச் சான்று பெற்றபோது அமெரிக்காவில் அதற்கு இணை கிடையாது. அரிசோனாவின் காசா கிராண்டேயில் வெறும் நிலத்திலிருந்து தொழிற்சாலை கட்டினார்கள்.

2021-ல் சந்தைக்கு வரும்போது முதலீட்டாளர்களிடம் காட்டிய திட்டத்தில் 2022-ல் 20,000 கார், 2024-ல் 90,000 கார். 2022-க்கான எண் அதே வருடம் இரண்டு முறை குறைக்கப்பட்டு 6,000–7,000 ஆனது. கண்ணாடி, தரைவிரிப்பு மாதிரிச் சாதாரணப் பொருட்களே சரியாக வரவில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு தளவாடக் கையாளுதலே சரியில்லை என்று அதை நிறுவனத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். செய்தது 7,180, கொடுத்தது 4,369.

அடுத்த வருடம் சிக்கலின் தன்மையே மாறிவிட்டது. 2023-ல் 8,428 செய்து 6,001 தான் கொடுக்க முடிந்தது. இப்போது தட்டுப்பாடு காருக்கு இல்லை, வாங்குவோருக்கு. உற்பத்தித் தாமதத்துக்கு மருந்து உண்டு. விலையுயர்ந்த செடானை வாங்க ஆளில்லை என்பதற்கு மருந்து புது மாடல்தான். 'கிராவிட்டி' எஸ்.யூ.வி. அந்த மருந்து. 2024 டிசம்பரில்தான் அதன் உற்பத்தி தொடங்கியது. 2025-ல் மொத்த விநியோகம் 15,841 ஆக உயர்ந்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

கணக்கு மட்டும் கண்ணைக் கட்டுகிறது. 2024-ல் வருமானம் 80.8 கோடி டாலர். அந்த வண்டிகளைச் செய்த செலவே 173 கோடி. எல்லாச் செலவும் சேர்த்து நிகர நஷ்டம் 271 கோடி. விற்ற 10,241 காரால் வகுத்தால், காருக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம்.

இப்படி நஷ்டப்படும் நிறுவனம் எப்படி நிற்கிறது? சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் தாங்குகிறது. 2018-லிருந்தே பணம் போடுகிறது. ஏறத்தாழ 60 சதவீதப் பங்கு அதன் கையில். 2024 மார்ச்சில் 100 கோடி டாலர், ஆகஸ்டில் 150 கோடி என்று அடுத்தடுத்து வந்தது. சவூதியில் இரண்டாவது தொழிற்சாலை இருக்கிறது. அந்நாட்டு அரசு பத்து வருடத்தில் ஒரு லட்சம் வண்டி வரை வாங்கச் சம்மதித்திருக்கிறது. எண்ணெய்க்குப் பிறகு என்ன என்று யோசிக்கும் ஒரு நாட்டுக்கு லூசிட் லாபக் கணக்கு மட்டும் அல்ல, தொழில் கொள்கை. எனவே லூசிட் ஃபிஸ்கர் மாதிரி திடீரென்று சாயும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த அடைக்கலம் யாருக்கு? 2024 அக்டோபரில் 26 கோடிக்கும் மேற்பட்ட புதுப் பங்குகளைப் பொதுச் சந்தையில் விற்று, நிதியத்துக்கும் தன் பங்கைக் காப்பாற்றும் அளவுக்குத் தனியே விற்றபோது, ஒரே நாளில் விலை சுமார் 18 சதவீதம் சரிந்தது. நிதியத்தின் சதவீதம் குறையவில்லை. ஆயிரம் பங்கு வைத்திருந்த சாதாரண மனிதரின் சதவீதம் குறைந்தது. பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரி, குவளை நிறைந்தே இருக்கும், பால் குறைந்துகொண்டே போகும். 2025 ஆகஸ்ட் இறுதியில் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். விலை இருபது டாலரைத் தொட்டது போலத் தெரிந்தாலும் மதிப்பு கூடவில்லை. பழைய விலை வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஊபர் 30 கோடி டாலர் போட்டு, ஓட்டுநரில்லா டாக்சிக்காக ஆறு வருடத்தில் 20,000 கிராவிட்டி வாங்குவதாக 2025 ஜூலையில் அறிவித்தது நல்ல ஆரம்பம். வருடத்துக்குச் சராசரி மூவாயிரத்துச் சொச்சம் வண்டி. அதை வைத்து இவ்வளவு பெரிய தொழிற்சாலையின் செலவை மூட முடியாது.

ஒதுங்கி நிற்பதன் விலை

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பயப்படுவது, காத்திருந்தால் ரயில் போய்விடும் என்பது. டெஸ்லாவின் பழைய கணக்கைப் பாருங்கள். 2010 ஜூனில் 17 டாலருக்கு வெளியீடு. முதல் காலாண்டு லாபம் காட்டியது 2013-ல், மே மாதம் அறிவித்தார்கள். அதற்குள் விலை பல மடங்கு ஏறியிருந்தது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, அதன் பிறகு வாங்கி வைத்திருந்தவரும் அடுத்த பத்து வருடத்தில் பெரும் லாபம் பார்த்தார். அந்த முதல் லாபமும் மாசு வரவு விற்றதில் வந்ததுதான், 6.8 கோடி டாலர். அன்று அந்தச் சந்தை உயிரோடு இருந்தது, இன்று ரிவியனுக்கு அது சுருங்கிவிட்டது. நிறுவனம் காலூன்றுகிறது என்ற அறிகுறி வரும்வரை காத்திருப்பதால் லாபத்தில் ஒரு பகுதி போகும். அறிகுறியே இல்லாமல் நுழைந்தால் ஃபிஸ்கர் பங்குதாரர்களைப் போல முதல் முழுவதும் போகலாம். 2023 முதல் 2025 தொடக்கம் வரை லார்ட்ஸ்டவுன், அரைவல், ஃபிஸ்கர், கனூ, நிக்கோலா என்று வரிசையாக விழுந்தன. இவை எல்லாமே ஒரு காலத்தில் "அடுத்த டெஸ்லா" பட்டியலில் இருந்தவை.

என் முடிவு இது. லூசிட் காரை ரசிக்கலாம், பங்கை விட்டுவிடலாம். பெரிய பங்குதாரருக்கு லாபத்தைத் தவிர வேறு நோக்கமும் இருக்கும் இடத்தில், சின்னப் பங்குதாரர் அவரை நம்பிக் கூட நடப்பது சரியில்லை. எனக்கு இந்த எண்ணம் மாற வேண்டுமென்றால், லூசிட்டின் மொத்த லாபம் நேர்மறையாக வேண்டும். ஒரு வருடமாவது புதுப் பங்கு வெளியிடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும்.

ரிவியனில் வாங்க நியாயம் இருக்கிறது, ஆனால் இன்றே வாங்க அவசரமில்லை. ஆர்2 உற்பத்தி தொடங்கும் காலாண்டுகளில் மொத்த லாபம் மறுபடி மோசமாகும். புது அசெம்பிளி லைன் சூடு பிடிக்கும்வரை எந்த நிறுவனத்துக்கும் அப்படித்தான். அந்தச் சரிவைப் பார்த்து மிரளவும் வேண்டாம், "மலிவாகிவிட்டது" என்று பாயவும் வேண்டாம். அதன் பிறகு வரும் இரண்டு காலாண்டு அறிக்கையில், வாகனப் பிரிவு மட்டும் தனியாக, மாசு வரவையும் ஃபோக்ஸ்வாகன் தரும் மென்பொருள் வருமானத்தையும் கழித்த பிறகு, ஒரு வண்டிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சினால் வாங்கலாம். மொத்தச் சேமிப்பில், முழுதும் போனாலும் வீட்டில் யாரும் சிரமப்படாத அளவுக்கு மட்டும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம் இதில் வேண்டவே வேண்டாம்.

இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் இரண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பங்கு வாங்க அனுப்பும் தொகை வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீத வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும், பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். நஷ்டத்தில் இருந்தாலும் காட்ட வேண்டும்.